கிண்ணத்தை மூடிய கை

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது அவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. ஸ்தோத்திரம். மற்ற எல்லாத் தமிழும், துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து பேசிய ஆங்கிலமும் மலாயும் ஒரே காலையில் போய்விட்டன. பசித்தால் ஸ்தோத்திரம். படுக்கையை நனைத்துவிட்டால் ஸ்தோத்திரம். தலையணையை உயர்த்தி வைக்க நான் தாமதித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று திட்டுவார். பார்க்க வரும் சபைக்காரர்கள் அதைக் கேட்டுக் கண்கலங்குவார்கள். "இந்த நெலமையிலயும் கர்த்தரத் துதிக்கிறாரு பாருங்களேன்" என்பார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பேன். அந்த நேரத்தில் அவர் கேட்டது பெரும்பாலும் மூத்திரப் பாத்திரமாகத்தான் இருக்கும்.

ஒரே பிள்ளை நான். அம்மா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் ஜெலுத்தோங்கில் ஒன்பதாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவரைக் கொண்டுவந்தோம். அதுவரை அந்த வீட்டில் அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. காரணம் என் கணவர். பாகான் டாலாம்காரர், முருக பக்தர், குளித்துவிட்டு நெற்றியில் பட்டை போடாமல் வேலைக்குக் கிளம்பமாட்டார். அந்த மனிதர்தான் அப்பாவைக் குழந்தையைப் போலத் தூக்கிக் கழுவி, பௌடர் போட்டு, சட்டை மாட்டிவிட்டார். "மாமா, கொஞ்சம் திரும்பிக்குங்க" என்று தினமும் கேட்டுக்கொண்டுதான் தொடுவார். அப்பா கண்ணை மூடிக்கொள்வார்.

சாப்பாடு என் பொறுப்பு. அப்பாவுக்குத் தொண்டை ஒழுங்காக வேலை செய்யவில்லை. தண்ணீர், தேநீர், சூப் என்று எது நீர்த்திருந்தாலும் வழிதவறி நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும் என்று ஆஸ்பத்திரியில் மிரட்டி அனுப்பினார்கள். அதற்கென்று ஒரு டின் மாவு கொடுத்தார்கள். எதில் போட்டாலும் கூழாகிவிடும். மைலோ பானத்திலும் மீன் சூப்பிலும் வெறும் தண்ணீரிலும் அந்த மாவைக் கலக்கி, நாளைக்கு ஆறு வேளை, டீஸ்பூனால் ஊட்டினேன். கையில் இருந்தது மைலோ கூழ்தான். ஆனாலும் ஒவ்வொரு ஸ்பூனுக்கும் முன்னால் அவர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். ஒரு கிண்ணம் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். எனக்கு முதுகு விட்டுப்போகும்.

அப்பா மூப்பராக இருந்தவர். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதியை ஒட்டி வரிசையாக முழங்கால் போடுவோம். பாஸ்டர் அப்பம் கொடுத்துக்கொண்டு போக, பின்னாலேயே மூப்பர் ஒரு தட்டு நிறையச் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் திராட்சை ரசம் கொண்டுவருவார். அவரவர் ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டுத் திருப்பி வைக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தட்டு அப்பாவின் கையில்தான் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்யாணம் பதிவாகி, கோயிலில் தாலியும் கட்டியாயிற்று. அடுத்து வந்த முதல் ஞாயிறு வழக்கம்போலப் போய் முழங்கால் போட்டேன். பாஸ்டர் தயங்கினார், ஆனால் அப்பம் கொடுத்துவிட்டார். அதை வாயில் வைத்துக்கொண்டு ரசத்துக்குக் காத்திருந்தேன். அப்பா வந்தார். தட்டு வலது கையில். என் முன்னால் வந்ததும் இடது கையை விரித்துக் கிண்ணங்களின் மேல் கவிழ்த்து மூடினார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அடி நகர்ந்து, கையை எடுத்து, பக்கத்திலிருந்த பெண்ணுக்கு நீட்டினார். முழுச் சபையும் பார்த்தது. அம்மா பாடகர் குழுவில் நின்று பாடிக்கொண்டுதான் இருந்தாள். அந்த அப்பத்தை ரசமில்லாமலே விழுங்கிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு நான் கிராதிப் பக்கம் போகவே இல்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூடச் சபைக்குப் போகாமல் இருந்ததும் இல்லை. கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். பக்தியா? மண்ணாங்கட்டி! வராமல் இருந்தால் அவர் ஜெயித்ததாகிவிடும், அவ்வளவுதான். இப்படியே இருபத்தெட்டு வருடம் ஓட்டினேன்.

இப்போது அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், திருவிருந்து. முதல் ஞாயிறு எது என்று அந்த மூளை மட்டும் மறக்கவில்லை. சனிக்கிழமையே இடது கையால் காலண்டரைக் காட்டுவார். பிறகு இரண்டு விரலைக் குவித்து உதட்டருகே கொண்டுபோவார். கிண்ணம். "ஸ்தோத்திரம்?" என்று கேள்வி கேட்பதுபோல இழுப்பார். எனக்குப் புரியாதா என்ன?

புது பாஸ்டர் இளவயசுக்காரர், பேராக் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர், எங்கள் கதை எதுவும் தெரியாது. வியாதிக்காரர்களின் வீட்டுக்கே திருவிருந்து கொண்டுபோவார். முதல் மாதம் சின்னப் பெட்டியைத் திறந்து மேசைமேல் துணி விரித்தார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"முடியாது பாஸ்டர்" என்றேன். "தண்ணியா எதுவும் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அப்பமும் தொண்டையில சிக்கிக்கும்."

"ஒதட்டுல தொட்டு வெச்சாலே போதும்க்கா."

"ஒரு சொட்டு உள்ள போனாலும் நிமோனியா. அப்புறம் நீங்களா வந்து பாப்பீங்க?"

பாஸ்டர் அப்பாவின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் பெட்டியை மூடினார். எனக்குப் பின்னால் அலமாரியில் அந்த டின் இருந்தது. ஒரு ஸ்பூன் மாவு போட்டால் ரசமும் கூழாகிவிடும், அப்பமும் அதிலேயே ஊறிவிடும். பாஸ்டருக்கு அது தெரியாது. நான் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டேன். அதில் எனக்கு எவ்வளவு ருசி இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் போன பிறகு கணவர் அடுப்படிக்கு வந்தார். "ஏன்லா, மைலோவுக்குப் போடற பவுடர அதுலயும் போடலாம்தானே?"

"ஒங்க கோயில் விஷயத்துல நான் மூக்க நொழைக்கிறேனா? சும்மா இருங்க."

"பாவம்லா அவரு."

"யாரு பாவம்? அன்னிக்கு என்னப் பாத்து யாராவது பாவம்னாங்களா?"

இரண்டாவது மாதமும் அதே பெட்டி, அதே துணி, அதே பதில். இந்த முறை அப்பா அழுதார். ஒரு பக்க முகம் மட்டும் அழுதது, மற்ற பக்கம் அசையாமல் கிடந்தது. அன்று சாயங்காலம் கூழை ஊட்டும்போது ஸ்பூனைப் பாதியில் நிறுத்திக் கேட்டேன். "அன்னிக்கு எனக்கு எப்படி இருந்திச்சின்னு இப்பத் தெரியுதாப்பா?" அவர் என்னையே பார்த்தார். "சொல்லுங்க. ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த மாசம் குடுக்கச் சொல்றேன்." உதடு வெகுநேரம் துடித்தது. கடைசியில், "ஸ்தோத்திரம்" என்றார். மன்னிப்புக் கேட்க அவரிடம் வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். "அது எனக்குப் பத்தாது" என்று சொல்லிவிட்டு ஸ்பூனை வாயில் வைத்தேன்.

அந்த நாட்களில் பாஸ்டர் ஞாயிறுதோறும் ஒரே விஷயத்தைத்தான் பிரசங்கித்தார். கடவுளைப் பீடத்தில் மட்டும் தேடாதீர்கள், பஸ் ஸ்டாப்பில் தேடுங்கள், பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தேடுங்கள், அங்கேயும் கூட இருக்கிறார். ஒரு நாள் பெயர் சொல்லாமல் என்னைக் காட்டி, வியாதிப்பட்ட தகப்பனுக்கு ஆறு வேளை ஊட்டும் மகளின் ஸ்பூனில் இருக்கிறார் என்றார். எல்லோரும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பிளாட்டில் லிஃப்ட் ஓடினால் வருவார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாவது மாதம். பாஸ்டர் எப்போதும் நாலு மணிக்கு வருவார். அன்றைக்குப் பாலிக் புலாவில் வேறொரு நோயாளியைப் பார்க்க வேண்டியிருந்ததால் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். நான் அப்பாவுக்குப் பெரியவர்கள் போடும் பேம்பர்ஸ் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். லிஃப்ட் வேறு படுத்துவிட்டது. ஒன்பது மாடி ஏறி மூச்சு வாங்கக் கதவைத் திறந்தால், அப்பாவின் கழுத்தில் துண்டு கட்டியிருந்தது. பாஸ்டர் புத்தகத்தோடு நின்றிருந்தார். என் கணவர், நெற்றியில் பட்டையோடு, அந்தச் சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக் காப்பி ஸ்பூனால் கலக்கிக்கொண்டிருந்தார். மேசைமேல் டின் மூடி திறந்து கிடந்தது. அப்பா கண்ணை மூடி, ஜெபித்து முடித்து, வாயைத் திறந்து காத்திருந்தார்.

பையை எங்கே போட்டேனோ தெரியாது. ஒரே எட்டில் போய்க் கிண்ணத்தின் மேல் என் இடது கையைக் கவிழ்த்து மூடினேன்.

"வேணாம்."

"கெட்டியாத்தான்க்கா இருக்கு" என்றார் பாஸ்டர். "மைலோவும் இப்படித்தான் குடுப்பீங்களாமே. அண்ணன் சொன்னாரு." அவர் குரலில் கோபம்கூட இல்லை. இரண்டு மாதம் நான் அவரை ஏமாற்றியது அப்போதுதான் அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது.

"கைய எடுலா" என்றார் கணவர்.

"முடியாது. ஏன்னு அவருக்குத் தெரியும். அவரையே கேளுங்க!"

அப்பா கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது அவருக்கு நினைவிருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நினைவிருந்தது. அந்த முகத்தில் அது தெரிந்தது. அவருடைய நல்ல கை, இடது கை, படுக்கையிலிருந்து மெதுவாக எழும்பியது. என் கையைத் தள்ளிவிட்டுக் கிண்ணத்தைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன், இன்னும் இறுக்கினேன். அவர் தள்ளவில்லை. தன் கையை என் கைமேல் வைத்தார். கிண்ணத்தை இரண்டு கைகளும் மூடியிருந்தன. பிறகு வாயை மூடிக்கொண்டார்.

கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தேன். இருபத்தெட்டு வருடமாக அதற்குத்தானே காத்திருந்தேன்! அவரோ, நீ செய்வது சரிதான், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அந்தக் கையில் கனமே இல்லை. நான் நினைத்திருந்தால் அதே நொடியில் உருவிக்கொண்டு, "குடுங்க பாஸ்டர்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் கை தானாகச் சோர்ந்து விழும்வரை அப்படியே நின்றேன்.

கணவர் கிண்ணத்தோடு போய்த் தொட்டிப் பக்கம் நின்றார். "இத என்னா பண்றது பாஸ்டர்? ஊத்திடவா?"

"ஊத்தக்கூடாதுண்ணே. ஜெபம் பண்ணியாச்சு" என்றார் பாஸ்டர். அந்தக் கிண்ணத்தை வாங்கி, மாவு போட்டுக் கூழான ரசத்தை எங்கள் காப்பி ஸ்பூனால் தானே சாப்பிட்டார். விழுங்கச் சிரமப்பட்டார். கிண்ணத்தில் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார். பெட்டியை மூடிக்கொண்டு, லிஃப்ட் இல்லாததால் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு அப்பா ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பசிக்கும் சொல்லவில்லை, திட்டவும் சொல்லவில்லை. ஸ்பூனை நீட்டினால் கண்ணை மூடாமலே வாயைத் திறந்தார். "அப்பா, ஜெபம் பண்ணலியா?" என்று ஒரு நாள் கேட்டேன். சுவரைப் பார்த்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. அடுத்த முதல் ஞாயிறு நானே கலக்கிக் கொடுக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வரட்டும், அந்த நாள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அந்த ஞாயிறுக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் போய்விட்டார். நிமோனியா. நான் ஊட்டிய கூழில்தான் ஏதோ ஒன்று வழிதவறியிருக்கிறது.

அடக்க ஆராதனைக்குச் சபை நிரம்பிவிட்டது. முதல் வரிசையில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பதால் உட்கார்ந்தேன், கிராதி மூன்று அடி தூரத்தில் இருந்தது. பாஸ்டர் பேசினார். "அந்த ஒன்பதாம் மாடி வீட்டுல நான் கடவுளப் பாத்தேன். ஒரு கையில பாத்தேன். அந்தக் கை மாவு கலக்கிச்சு, ஊட்ட வந்திச்சு." அதோடு நிறுத்திக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். பெண்கள் விம்மினார்கள். வெளியே வந்ததும் ஒவ்வொருத்தியாக என் கையைப் பிடித்தார்கள். மாதர் சங்கத் தலைவி என் இடது கையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கைய கர்த்தர் ஆசீர்வதிக்கணும்மா" என்றாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. "ஸ்தோத்திரம்" என்றேன்.

கல்லறையிலிருந்து வீட்டுக்குக் கணவர் கார் ஓட்டினார். சிக்னலில் நின்றபோது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாஸ்டர் சொன்னது ஒன் கையப் பத்தி இல்லலா."

"தெரியும்" என்றேன்.