கொடியில் தொங்கிய நீலச் சட்டை

சுக்ரா கதவு சாத்தினால் சத்தம் வராது. குடத்தை இறக்கி வைத்தால் சத்தம் வராது. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் முதலாளி தலை நிமிர்ந்து, "நீ எப்பம்மா உள்ள வந்தே?" என்று தினமும் ஒருமுறையாவது திடுக்கிடுவார். பத்தொன்பது வயசுப் பெண்ணின் கைக்கும் காலுக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஏழு வருஷம் பின்னால் போக வேண்டும். அந்த வருஷம் நோன்பு மாதம் மே மாத வெயிலோடு வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கும் லீவு.

சுக்ராவின் அத்தா பஷீர் அஹமதுக்குச் சொந்த ஊர் சிங்காரப்பேட்டை. புளி வியாபாரம் செய்த வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகளில் கடைசி. மூத்தவர் முஹ்சின் கடையைப் பார்த்துக்கொண்டார். நடுவுள்ளவர் வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலைக்குப் போனார். கடைசிப் பிள்ளை ஓசூருக்கு பஸ் ஏறினார். அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தூக்கம் நன்றாக வரும். பஷீரின் அத்தா புளி மூட்டைமேல் சாய்ந்தால், வியாபாரிகள் தாங்களே எடை போட்டு வைத்துவிட்டுப் போவார்களாம். முஹ்சின் தன் கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கி, மாமியார் வீட்டு ஆட்கள் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்த கதை இன்றைக்கும் ஓடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குத்தான் நைட் ஷிப்ட் வந்து வாய்த்தது.

கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி தாண்டியதும் ஒரு கம்பெனி. அதில் பவர் பிரஸ் மெஷினில் பஷீர் கான்ட்ராக்ட் ஆள். தகட்டை வைத்துப் பட்டனை அழுத்தினால் மேலிருந்து இரும்பு அச்சு இடி மாதிரி இறங்கும். ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை அதுதான் வேலை. நோன்பு பிறந்த நாலாம் நாள் விடியற்காலையில், தகட்டைப் பிடித்த கையோடு பஷீரின் தலை ஒருமுறை முன்னால் சாய்ந்துவிட்டது. பின்னால் நின்ற சூப்பர்வைசர் சுரேந்தர் காலரைப் பிடித்து இழுத்தார்.

"பாய், இது ஒரு தடவ. இன்னொரு தடவ கண்ணு சொக்குச்சுன்னா மெஷின்ல நிக்க வைக்க மாட்டேன். மாசக் கடைசியில கான்ட்ராக்ட் லிஸ்ட்ல உன் பேரும் இருக்காது. உன் வெரலுக்காகத்தான் சொல்றேன்."

இதை பஷீர் வீட்டில் வந்து சொன்னபோது, பெண்சாதி ஜீனத் நோன்பை விடச் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் விட மாட்டார் என்று தெரியும். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"அத்தாவுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேணும். நான் கார்மென்ட்ஸுக்குப் போயிருவேன். இனிமே உங்க மூணு பேர் கையிலதான் அத்தாவோட கை இருக்கு."

சுக்ராவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. முழு மாதமும் நோன்பு பிடிக்கிற முதல் வருஷம். தம்பி ரிஹானுக்கு ஒன்பது. கடைக்குட்டி மஹீனுக்கு ஐந்து. அம்மா சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்ட சுக்ரா, அத்தாவின் பத்து விரலையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் இருந்தது மூக்கண்டப்பள்ளியில் வெங்கடப்பனின் லைன் வீட்டில். இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, நடுவில் ஒரு நடை, நடையின் முடிவில் ஒரு குழாய். மேலே சிமென்ட் ஷீட். ஒரு வீட்டில் தாளித்தால் எட்டு வீட்டிலும் தும்மல் வரும். அங்கே ஓர் ஆளைப் பகலில் தூங்க வைப்பது லேசான காரியமா?

காலை எட்டரைக்கு ஜீனத் கிளம்புவாள், எட்டேமுக்காலுக்கு பஷீர் வருவார். புருஷனும் பெண்சாதியும் தெருமுனையில் பார்த்துக்கொள்வதோடு சரி. அவர் குளித்துப் படுத்ததும் சுக்ரா அவருடைய நீல யூனிபாரம் சட்டையை அலசி, வாசலுக்கு முன்னால் நடையில் கட்டியிருந்த கொடியில் போட்டு, காலரில் ஒரு மஞ்சள் கிளிப் மாட்டுவாள். முதல் இரண்டு நாள் அது வெறும் துணி. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாள் மிக்சியைப் போடக் கை வைத்தவள், கொடியைப் பார்த்துவிட்டு, "பாய் தூங்குறாராட்டம் இருக்குது" என்று ஜாடியைத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போய் அரைத்து வந்தாள். அன்றிலிருந்து லைனில் அது சட்டமாகிவிட்டது. சட்டை தொங்கினால் பாய் தூங்குகிறார். சட்டை இறங்கினால் எழுந்துவிட்டார். குழாயடியில் யாராவது குரலை உயர்த்தினால் தமிழில் ஒருத்தி "மெதுவா பேசு" என்பாள், தெலுங்கில் ஒருத்தி "ஊருகோ" என்பாள், எதிர்வீட்டு ஆஞ்சப்பன் கன்னடத்தில் "சும்னிரு" என்பார். மூன்று பாஷையிலும் வாய் மூடிக்கொள்ளும்.

வீட்டுக்குள் சுக்ராவின் ராஜ்ஜியம். மஹீனின் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் கீச் கீச் என்று கத்தும். சுக்ரா ஹேர்பின்னால் நோண்டி அதன் விசிலை எடுத்துவிட்டாள். மஹீன் வாயைப் பொத்திக்கொண்டே அழுதாள், அழுகைக்கும் அங்கே அளவு இருந்தது. ரிஹான் அரை நோன்புக்காரன். மத்தியானத்தோடு நோன்பைத் திறந்துவிட்டு முறுக்குத் தின்பான். கடிக்கிற சத்தம் கேட்கும் என்று தண்ணீரில் நனைத்துத் தின்னச் சொல்லிவிட்டாள்.

"நனைச்சா அது முறுக்கே இல்லக்கா."

"அப்ப கஞ்சின்னு நெனச்சுக் குடி."

போனை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தாள். சிங்காரப்பேட்டையிலிருந்து முஹ்சின் பெரியத்தா சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிடுவார். சுக்ரா டப்பாவோடு நடைக்கு ஓடி, குழாய்க்குப் பின்னால் குந்திக்கொண்டு பேசுவாள்.

"அத்தா தூங்குறாங்க பெரியத்தா."

"பட்டப்பகல்ல என்னா தூக்கம்? நேத்தும் தூங்குனான், முந்தாநேத்தும் தூங்குனான்."

"நைட் ஷிப்ட் பெரியத்தா."

"சரி சரி. எந்திரிச்சா பேசச் சொல்லு. நீ ஏம்மா கெணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல பேசுறே?"

இப்படி ஒவ்வொரு நாளாகக் காப்பாற்றி, இருபத்துமூன்று நோன்பு ஓடிப் போயிற்று. பஷீர் மெஷினில் கண் சொக்கவில்லை. இன்னும் ஒரு வாரம் தாண்டினால் கான்ட்ராக்ட் லிஸ்ட் வந்துவிடும்.

இருபத்துநாலாம் நோன்பு அன்று காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. மின்விசிறி நின்ற அடுத்த நிமிஷமே ஷீட்டின் சூடு கீழே இறங்கியது. பஷீர் புரண்டார், எழுந்தார், முகத்தைக் கழுவினார், மறுபடி படுத்தார். சுக்ராவும் ரிஹானும் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து விசிறினார்கள். நூறு எண்ணி ரிஹான், நூறு எண்ணி சுக்ரா. மஹீன் வாய்க்குள்ளேயே எண்ணி, நாற்பதுக்கு மேல் தெரியாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள். அப்படியும் அவர் தூங்கவில்லை, கண்ணை மூடிப் படுத்திருந்தார், அவ்வளவுதான். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. பஷீர் எழுந்து லுஹர் தொழுதார். தொழுத பாயிலிருந்து எழுந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றதை சுக்ரா பார்த்தாள். இரண்டரைக்குப் படுத்தவர் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப் போனார்.

சுக்ரா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். காலையில் ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கு அஸர் பாங்கு சொன்னால் எழுந்துவிடுவார், அதுவரை இரண்டரை மணி நேரம். ஆக மூன்றரை. ஏழில் பாதி. அந்தத் தூக்கத்தோடு போய் ராத்திரி முழுக்க அந்த மெஷின் முன்னால் நிற்க வேண்டும். ஆறு மணிக்கு எழுப்பினாலும் அஸர் தொழ நேரம் இருக்கிறது, நோன்பு திறக்கவும் நேரம் இருக்கிறது, கம்பெனி பஸ் ஏழு மணிக்குத்தான். இவ்வளவையும் யோசித்துவிட்டு, பாங்கு கேட்காதபடி ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்தாள். அவள் போட்ட கணக்கில் தப்பில்லை. மூன்றரை மணி நேரம் விசிறிய நோன்புக்காரப் பிள்ளைக்கும் தூக்கம் வரும் என்பதை மட்டும் அவள் சேர்க்கவில்லை. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்தாள். ரிஹான் அத்தாவின் காலடியில், மஹீன் அவர் கைக்குள்.

வெளியே அஸர் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி ஊற்றினார்கள், தூக்குவாளியோடு ரிஹான் போகவில்லை. நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கும் சொன்னார்கள். சட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. சரோஜம்மாள் இரண்டு முறை கதவுவரை வந்து, சட்டையைப் பார்த்துத் திரும்பிப் போனாள். சீரியல் நேரத்தில் டிவி சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தாள். சரக்கு ஆட்டோ ஓட்டும் ஆஞ்சப்பன் நடைமுனையிலேயே இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அத்தனை பேரும் சேர்ந்து அந்த வீட்டைக் கைக்குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கென்று கார்மென்ட்ஸில் ஓவர்டைம். ஏழேகாலுக்கு ஜீனத் நடைக்குள் நுழைந்தபோது விளக்கில்லாத வீடும், கொடியில் நீலச் சட்டையும் கண்ணில் பட்டன. கம்பெனிக்குப் போகிற ஆள் போட்டுக்கொண்டு போகவேண்டிய சட்டை. அவள் கதவைத் தட்டின தட்டு, அந்த லைன் ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்.

பஷீர் விழித்து, "விடிஞ்சிருச்சா?" என்றார்.

"இல்லீங்க. பொழுது போயிருச்சு."

பஷீர் துள்ளி எழுந்தார். ஒரு மடக்குத் தண்ணீர், ஒரு பேரீச்சம்பழம். அவர் பேன்ட்டை மாட்டுவதற்குள் லைனே வாசலில் கூடிவிட்டது.

"பாங்கு சொன்னப்பவே நெனச்சேன், பாய் எந்திரிக்கலையேன்னு" என்று சரோஜம்மாள் கையைப் பிசைந்தாள். "சட்டை தொங்குது, நான் எப்படி வந்து தட்டுவேன் சொல்லு?"

"பேச்சு அப்பறம் சரோஜக்கா. வாங்க பாய், ஏறுங்க" என்று ஆஞ்சப்பன் வண்டியைத் திருப்பினார். "எனக்குக் கர்நாடகா பெர்மிட் கெடையாது. எல்லையில, ஜூஜூவாடியில எறக்கி விட்டுருவேன். அதுக்கப்பறம் உங்க காலு."

பஷீர் கொடியிலிருந்து சட்டையை உருவி, நடந்துகொண்டே மாட்டினார். சுக்ரா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"அத்தா, நான்தான் ஜன்னல..."

அவர் அவள் தலையில் கை வைத்தார். கோபமா, சமாதானமா என்று அந்தக் கையிலிருந்து தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சரோஜம்மாள் ஓடிவந்து, ஒரு தூக்கில் மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழைப் பஷீரின் மடியில் வைத்தாள். அந்தக் கூழோடு சரக்கு ஆட்டோ கிளம்பிப் போனது.

அன்றைக்கு சுக்ரா நோன்பு திறந்தது ஏழரைக்கு. கஞ்சியும் இல்லை, ஒரு பேரீச்சம்பழத்தோடு சரி. "கேட் எட்டு மணிக்குச் சாத்திருவாங்களாம்மா?" என்று கேட்டாள். ஜீனத் ஆமாம் என்று தலையாட்டினாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியபோது சுக்ரா ஏற்கெனவே விழித்துத்தான் இருந்தாள்.

மறுநாள் காலை ஜீனத் வேலைக்குப் போனபின் வாசல்படியில் உட்கார்ந்தாள். எட்டேமுக்கால் ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதே காலுக்கு பஷீர் நடையில் வந்தார். சட்டைக் காலரில் மஞ்சள் கிளிப் அப்படியே மாட்டியிருந்தது. சுக்ரா முதலில் பார்த்தது அதை அல்ல. பத்து விரல்.

பஷீர் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

"ஜூஜூவாடியில எறங்கி ஓடுனேன் பாரு, லாரிக்காரனெல்லாம் வேடிக்கை பாத்தான். எட்டுக்கு ரெண்டு நிமிஷம் இருக்கையில கேட்டுக்குள்ள காலு வச்சேன்."

"தூங்கலையே அத்தா?"

"எங்க தூங்குறது? விடியக்காலம் மூணு மணிக்கு சுரேந்தர் டார்ச்சு அடிச்சுக்கிட்டு வந்தாரு. என் மூஞ்சிக்கு நேரா அடிச்சாரு. 'என்ன பாய், இன்னிக்கு மட்டும் மாப்பிள்ளையாட்டம் தெளிவா இருக்கே, காலர்ல என்னா மெடல் குத்தியிருக்கே'ன்னு கேட்டாரு. அப்பத்தான் எனக்கே தெரியும்." கிளிப்பைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "எம் பொண்ணு குத்துனதுன்னு சொன்னேன். ஓசூர் வந்ததுல இருந்து அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கல."

அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி நீட்டினார். "அலசிப் போடு. நான் படுக்குறேன்."

நேற்று அப்படி நடந்தும், இன்றைக்கும் தன் தூக்கத்தை அவளை நம்பித்தான் கொடுக்கிறார் என்று சுக்ராவுக்குப் புரிந்தது. குழாயடியில் சட்டையை அலசும்போது கண் நிறைந்ததை யாரும் பார்க்கவில்லை. சரோஜம்மாள் மட்டும் வந்து, "இனிமே ஆறு மணிக்கு மேல தொங்குச்சுன்னா கதவ ஒடச்சுருவேன், சொல்லிட்டேன்" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

பெருநாளுக்கு முந்தைய நாள் வந்த கான்ட்ராக்ட் லிஸ்ட்டில் பஷீர் பேர் இருந்தது. நாலு வருஷம் கழித்துப் பகல் ஷிப்டும் கிடைத்தது. இப்போது நோன்பு மாசி மாதக் குளிருக்குள் வந்துவிட்டது. அவர் ராத்திரியில் தூங்குகிறார், குறட்டை மூன்று வீடு தாண்டும், யாரும் காவல் இருக்க வேண்டியதில்லை.

லைனில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பையன்கள் எதிர்வரிசையில் இருக்கிறார்கள், நைட் ஷிப்ட். வந்த முதல் நாளே சரோஜம்மாள் கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிச் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடைக்குக் கிளம்பும் சுக்ரா, எதிர்க்கொடியில் சாம்பல் நிறச் சட்டை இரண்டு தொங்குவதைப் பார்த்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வாள். தெருவுக்கு வந்த பிறகுதான் காலில் போடுவாள்.