உறுமிய நியான் வேல்

குத்தாலிங்கம் லைட்காரன், நான் மைக்செட். சாரல் சீசனில், குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சியில், எங்கள் தெரு விழா வந்தாலே இரண்டு பேருக்கும் சண்டைதான். காரணம் அவனுடைய நியான் வேல். ஆள் உயரக் கண்ணாடிக் குழாய், சிவப்பாக எரியும். எல்.இ.டி. வாங்கலாமே என்றால், "ஏலே, அது லைட்டா? பொம்மை" என்பான்.

அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிம்மரைத் திருகி அதை மங்க வைத்தால் போதும், என் ஸ்பீக்கர் கொர்ரென்று உறும ஆரம்பித்துவிடும். டிம்மர் மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அந்த வெட்டெல்லாம் என் மைக் ஒயரில் வந்து உட்காருகிறது. ஒயரை மாற்றினோம், எர்த் அடித்தோம், ஒன்றும் கதைக்கு ஆகவில்லை. திட்டு வாங்குவது மட்டும் நான்!

அவன் பெண்டாட்டி ஆனந்தவள்ளிதான் வில்லுப்பாட்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அழும் இடத்தில் வேல் மெல்ல மங்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். போன வருஷம் அவள் அழ, ஸ்பீக்கர் உறும, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த வருஷம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "அடுத்த கச்சேரியிலேர்ந்து செங்கோட்டை ஜஸ்டின்தான் லைட்டு. சொல்லி வச்சாச்சு. அந்த நியானை வீட்டுல மாட்டிக்கிடுங்க." பயல் அன்று சோறே தின்னவில்லை.

விழா அன்று டிம்மரையே காணோம். வேலுக்கு முன்னால் வெள்ளைத் திரை கட்டியிருந்தான்.

"ஏலே, எப்படி மங்க வைக்கப் போறே?"

"நீ உன் ஸ்பீக்கரைப் பாரு."

அழும் இடம் வந்தது. திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு பெரிய கறுப்புக் குடையை வேலுக்கு முன்னால் மெல்ல மெல்ல விரித்தான். வெளிச்சம் அப்படியே மங்கியது. ஸ்பீக்கரில் ஒரு முனகல் இல்லை. அடப்பாவி, ஜெயித்துவிட்டானே என்று நினைத்தேன்.

குடையின் நிழல் திரையில் விழும் என்பதை அவன் யோசிக்கவில்லை. குற்றாலச் சாரலில் வளர்ந்த சனம்; எங்கே ஒரு குடை விரிந்தாலும் வானத்தைப் பார்க்காமல் தன் குடையை விரிக்கும். "சாரல் வந்துட்டு!" என்று ஒரு குரல். படபடவென்று தெரு முழுக்கக் குடை. மேடையிலிருந்து ஒரு முகம்கூடத் தெரியவில்லை. தொலைந்தான் குத்தாலிங்கம்!

ஆனந்தவள்ளி நிறுத்தவில்லை. பாடினாள். பாட்டு முடிந்ததும் குடைகள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு சொட்டு மழை பெய்யவில்லை, முன்வரிசையில் அத்தனை பேர் முகமும் ஈரம். எனக்கும்தான்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஜஸ்டினுக்கு வர வேண்டாம்னு போன் போட்டுருங்க."

பிறகு திரைப் பக்கம் திரும்பினாள். "ஏங்க, குடைய மடக்குங்க. அடுத்த பாட்டுக்கு வெளிச்சம் வேணும்."