கைக்கெட்டாத பின்னந்தலை

ரஹீமுன்னிசா தன் தலையைத் தானே வாரிக்கொண்ட நாட்கள் கொஞ்சம்தான். பிறந்த வீட்டில் அம்மா வாரினாள். கல்யாணமாகித் தண்டையார்பேட்டைக்கு வந்ததும் நாத்தனார்கள் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துப் பின்னிவிட்டார்கள். அவர்கள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு, மகள் சைமா அந்தத் தலையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

சைமா பழைய வண்ணாரப்பேட்டையில் அழகுக்கலை வகுப்புக்குப் போனவள். பழகுவதற்கு ஒரு தலை வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் அம்மாவை உட்காரவைத்து, முடி சுருட்டும் கர்லரைச் சுவர் பிளக்கில் செருகுவாள். முடியைக் கொத்துக்கொத்தாகப் பிரித்துச் சூடான கம்பியில் சுற்றி, சற்றுப் பொறுத்து, மெல்ல உருவுவாள். சுருள் கதகதவென்று கன்னத்தில் வந்து விழும். அந்தச் சூட்டில் ரஹீமுன்னிசாவுக்குக் கண் சொக்கும்.

"ம்மா, ஆடாத. காது வெந்துடும்."

அந்தச் சுருளை வெளியில் ஒருவரும் பார்த்ததில்லை. துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது ரஹீமுன்னிசாவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். "மேல பாத்தா பாயம்மா, உள்ள பாத்தா சினிமாக்காரி" என்று சைமா கேலி செய்வாள். அது தாய்க்கும் மகளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

வீட்டுக்காரர் லியாகத் அலி கப்பலில் சமையல்காரராக இருந்தார். வந்தால் சில வாரம், போனால் வருஷக்கணக்கு. "அவருக்கு நான் விருந்தாளி, எனக்கு அவரு விருந்தாளி" என்று ரஹீமுன்னிசா சொல்லுவாள். அவர் மவுத்தானபோது, சேர்ந்து வாழ்ந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான், வெளிநாட்டில் வேலை பார்த்த முதஸ்ஸிருக்கு சைமாவைப் பேசி முடிக்கும்போது ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "என் பொண்ண கூட்டிக்கினு போவீங்களா, இல்ல இங்க விட்டுட்டுப் போவீங்களா?" முதஸ்ஸிர் நல்ல பையன். சொன்னபடி ஷார்ஜாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். சைமா அங்கே பெண்களுக்கான பார்லர் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். போகும்போது பழைய கர்லரை அம்மாவிடம் விட்டுப் போனாள்.

அதற்கடுத்த வருஷம் தண்டையார்பேட்டை வீட்டை இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி ஓனர் காலி செய்யச் சொன்னார். கட்டுப்படியாகும் வாடகைக்கு எர்ணாவூர் ஹவுசிங் போர்டில்தான் வீடு கிடைத்தது. சுற்றிலும் கடலுக்குப் போகிற குடும்பங்கள். ஆண்கள் காசிமேட்டில் விசைப்படகு ஏறுவார்கள். பெண்கள் மீன் விற்கப் போவார்கள். ரஹீமுன்னிசா வீட்டிலேயே சமோசாவுக்கு மெல்லிசாக மாவு தேய்த்து, கல்லில் வாட்டிக் கட்டுக் கட்டாக அடுக்குவாள். கடைப்பையன் வந்து வாங்கிப் போவான். அதற்குமேல் அந்தக் கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அசர் தொழுது முடித்த நேரம், வெளியே எல்லா வீட்டிலும் தட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜனங்கள் குழந்தை குட்டியோடு மெயின் ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கோயில் ஊர்வலம்போல என்று நினைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு மாவு தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

சைமா போனில் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "யாராவது பேசுறாங்களாம்மா உன்கிட்ட?"

"ஏன் பேசாம? பக்கத்து வூட்டு அங்கம்மாக்கா தெனம் வருது. தலைகூட வாரிவுடுது."

அங்கம்மா அவளிடம் பேசியது உண்மைதான். தண்ணி லாரி வந்த அன்று, "குடத்த நவுத்து, பாயம்மா" என்றாள். அதோடு சரி.

பாதி நோன்பு கழிந்திருந்தபோது ஒருநாள் சைமா திடீரென்று அழுதாள். "நீ பொய் சொல்றம்மா. உன் குரல கேட்டா தெரியுது. நான் வந்துடறேன். அவரு இங்க இருக்கட்டும், நான் உன்கூட இருக்கேன்."

வந்துடறேன் என்ற சொல் காதில் விழுந்ததும் ரஹீமுன்னிசாவின் நெஞ்சு குளிர்ந்துபோனது. அப்படிக் குளிர்ந்ததே அவளைப் பயமுறுத்தியது. தான் வாழ்ந்த விருந்தாளி வாழ்க்கையை மகள் தலையிலும் கட்டுவதா?

"பைத்தியமா உனக்கு? புருஷன வுட்டுட்டு வருவாங்களா? எனக்கு இங்க ஆளுங்க இல்லாமயா பூட்டாங்க?"

"அப்படின்னா பெருநாளன்னிக்கு அந்த அங்கம்மாக்கா கையால கர்லர் போட்டுக் காட்டு. முன்னால மட்டும் இல்ல, பின்னந்தலையும் காட்டணும். மாவு தேய்ச்சு தேய்ச்சு உன் தோள் போச்சு. கை பின்னால போகாதுன்னு எனக்குத் தெரியும். சுருள் இல்லன்னா, நான் டிக்கெட் போட்டுருவேன்."

அன்றைக்குத் தொழுகைப் பாயில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். 'யா அல்லாஹ், நோன்பு வாயால சொல்லிட்டேன். இந்தப் பொய்ய மன்னிச்சிடு. இல்லன்னா மெய்யாக்கிக் குடு' என்று கையேந்தினாள்.

நோன்புப் பெருநாள் வந்தது. ஷார்ஜாவில் முந்தின நாளே பெருநாள் முடிந்திருந்தது. ரஹீமுன்னிசா காலையில் குளித்து, வழக்கம்போல் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து, காதோரம் அத்தர் தடவி, புதுத் துணி உடுத்திக்கொண்டாள். சேமியாப் பாயசம் காய்ச்சினாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றி அங்கம்மா வீட்டு வாசல்வரை கொண்டுபோனாள். உள்ளே எல்லோரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. அப்படியே திரும்பிவிட்டாள். கிண்ணத்துப் பாயசம் மேஜைமேல் ஆடை கட்டியது.

மதியம் போன் வருவதற்குள் தானே போட்டுப் பார்க்கலாம் என்று கர்லரைச் செருகினாள். முன்பக்கம் ஒருமாதிரி வந்தது. முடி சுருசுருவென்று புகைந்தாலும், சுருள் விழுந்தது. பின்னந்தலைக்குத்தான் கண்ணாடியும் உதவவில்லை, கையும் உதவவில்லை. தோள் சுளீரென்று வலிக்க, கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு, குத்துமதிப்பாக ஒரு கொத்தைச் சுற்றினாள். திரும்ப உருவ வரவில்லை. முடி கம்பியில் முறுக்கிக்கொண்டது. எண்ணெய் பொரிந்தது, அத்தர் கருகியது. இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கார நெடி வீட்டை நிறைத்து, ஜன்னல் வழியே வெளியேறியது.

அந்தத் தெருவில் மூக்குதான் காவல். முன்னொரு மார்கழியில் கம்பெனிக் குழாய் ஒன்றிலிருந்து வாயு கசிந்து, தூக்கத்திலேயே மூச்சு முட்டி ஓடிய ஜனங்கள் அவர்கள். அன்றிலிருந்து, தெரியாத வாசனை எது வந்தாலும், முதலில் யார் மூக்கில் படுகிறதோ அவர்கள் எவர்சில்வர் தட்டை எடுத்துத் தட்ட வேண்டும். கேட்டவர்கள் தாங்களும் தட்டிக்கொண்டே ரோட்டுக்கு ஓட வேண்டும் என்று தங்களுக்குள் கட்டு வைத்திருந்தார்கள். புதிதாக வந்த பாயம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஒரு தட்டு ஒலித்தது. அப்புறம் தெருவே ஒலித்தது. 'இன்னிக்கும் ஊர்வலமா?' என்று நினைத்தபடி ரஹீமுன்னிசா கர்லரோடு போராடிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் கதவே இடிபட்டது.

"பாயம்மா! கதவ தொற! கேஸு வந்துகினுகீது! வெளிய வா!"

ஓடிய ஓட்டத்தில் பிளக் தானாகப் பிடுங்கிக்கொண்டது. கர்லர் தொங்கத் தொங்க, மேலே துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு அங்கம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால் மருமகள் ஜோதிகாவும், மகன் பொன்ராஜும்.

அங்கம்மா துணியை இறக்கி மோந்து பார்த்தாள். இன்னொரு தரம் மோந்தாள்.

"ஏய், இருங்கடா. நாத்தம் இங்கருந்துதான் வருது. இன்னாத்த பாயம்மா கொளுத்தினுகீற?"

"ஒண்ணுமில்லக்கா... முடி."

"முடியா? அது இன்னா தலைக்குப் பின்னால கொம்பு?"

ரஹீமுன்னிசா துப்பட்டாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொன்ராஜைப் பார்த்தாள். அங்கம்மாவுக்குப் புரிந்தது.

"டேய் நைனா, நீ போ. போய் தட்ட நிறுத்தச் சொல்லு. கேஸு இல்லியாம், பாயம்மா மண்டையாம்னு சொல்லு."

கதவைச் சாத்தி, துப்பட்டாவை எடுத்ததும் அங்கம்மாவுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். ஜோதிகா பொறுமையாகக் கம்பியிலிருந்து முடியை அவிழ்த்தாள். கருகிய கொத்து அவள் கையோடு வந்துவிட்டது.

"எண்ண வச்சிக்கினு யாருனா கர்லர் போடுவாங்களா? என் கல்யாணத்துல பார்லர் பொண்ணு ரெண்டு தபா ஷாம்பு போட்டுட்டுதான் கம்பியவே எடுத்தா."

சைமாவும் அப்படித்தான் செய்வாள் என்பது ரஹீமுன்னிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஷார்ஜாவையும் டிக்கெட்டையும், "நீங்க தெனம் வந்து தலை வாரிவுடறீங்கன்னு பொண்ணாண்ட சொல்லி வச்சிருக்கேன், அக்கா" என்பதையும்.

அங்கம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு கேட்டாள்: "தெனம் வரேனா நானு? அப்ப தெனம் இன்னா பேசிக்கிறோம்?"

"அது... மீன் வெல."

"அய்ய! காலையிலர்ந்து மார்க்கெட்ல அதத்தான் பேசிட்டு வரேன், உன் வூட்டுக்கு வந்தும் அதத்தான் பேசுவேனா? நல்லதா எதுனா பேசக்கூடாது?"

மூவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஜோதிகா ஷாம்பு போட்டு வாளித் தண்ணீரில் தலையை அலசி, ஃபேனுக்கடியில் காயவைத்து, முன்பக்கம் திரும்பச் சுருள் போட்டாள். அந்த நேரத்தில் பேச்சுவாக்கில் ரஹீமுன்னிசா அந்த ஊர்வலத்தைப் பற்றிக் கேட்டாள். எந்தச் சாமிக்கு, தட்டெல்லாம் தட்டிக்கொண்டு போனீர்களே?

ஜோதிகாவின் கை நின்றுவிட்டது. "அத்தே, அன்னிக்கி ரசாயன வாசன வந்துச்சே, அதச் சொல்லுது."

"ஊரே ரோட்ல ஈரத்துணியோட நின்னுது" என்றாள் அங்கம்மா. "நீ உள்ளாற இன்னா செஞ்சிக்கினு இருந்த?"

"மாவு தேய்ச்சிக்கினு இருந்தேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அங்கம்மா சீப்பையும் கர்லரையும் வாங்கிக்கொண்டாள். "தள்ளுடி. பின்னால நான் போடறேன். என் பேர்லதான சொல்லிகீது." மீன் ஆய்ந்து ஆய்ந்து காய்த்துப்போன விரல்கள் அவை. சூடு பட்டாலும் உறைக்கவில்லை. இறாலும் உப்பும் கலந்த வாடை அந்தக் கைகளில். கோணல்மாணலாகச் சுற்றினாலும், சுருள் கதகதவென்று பிடரியில் வந்து விழுந்தது. ரஹீமுன்னிசாவுக்குக் கண் சொக்கியது.

"ஆடாத பாயம்மா. காது பூடும்."

போன் வந்தது. திரையில் சைமா தெரிந்தாள்.

"பக்கத்துல யாரு கீறாங்க?" என்று, தலையில் துப்பட்டா இல்லாததால், முதலில் கேட்டுக்கொண்டாள் ரஹீமுன்னிசா.

"நானும் அவரும்தாம்மா. பின்னால திரும்பு." ஜோதிகா போனைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சுருளை ஏந்திப் பிடித்த ஒரு கறுத்த கை திரையில் தெரிந்திருக்க வேண்டும். சைமாவின் குரல் தடுமாறியது. "அங்கம்மாக்காவா?"

"நானேதாம்மா. தெனம் வரேன், உங்கம்மா வாயி ஓய மாட்டுது, எங்க வூட்டுச் சோறு கருகுது" என்றாள் அங்கம்மா. கொஞ்சமும் தடங்கலில்லாமல் வந்தது அந்தப் பேச்சு.

சைமா அழுதாள், உடனே சிரித்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "அப்பாடா. ம்மா, இவரு கான்ட்ராக்ட புதுசு பண்ணலாமான்னு கேட்டுக்கினே இருந்தாரு. உன்ன நெனச்சுத்தான் நான் பதில் சொல்லல. இப்ப சரின்னு சொல்லிடட்டுமா?"

"எத்தினி நாளைக்கு?"

"ரெண்டு வருஷம்மா. நடுவுல லீவு கெடைக்காது."

ரஹீமுன்னிசாவின் முகத்தை அந்த நேரம் யாரும் பார்க்கவில்லை. போன் பின்பக்கம்தான் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். "சொல்லும்மா. சந்தோஷமா சொல்லு."

ஆடை கட்டிய பாயசத்தை அங்கம்மாவும் ஜோதிகாவும் குடித்தார்கள். "பெருநாளைக்கு வெறும் பாயசந்தானா? பிரியாணி எங்க?" என்று அங்கம்மா வம்புக்கு இழுத்தாள். பொன்ராஜ் படகுக்குக் கிளம்ப வேண்டும், சோறு கட்ட வேண்டும். இருவரும் எழுந்தார்கள். வாசலில் நின்று அங்கம்மா சொன்னாள்: "கதவாண்ட ஒரு தட்ட மாட்டி வை. வாசன வந்தா நீயும் தட்டணும். எங்க சத்தம் கேட்டா ஓடியாரணும். ஊர்வலம்னு குந்திக்கினு இருக்காத."

அவர்கள் போனதும் வீடு பழையபடி ஆனது. பொழுது சாய்ந்து, மக்ரிப் தொழுகைக்காக முகம் கை கால் கழுவி ஒளுச் செய்தபோது, ஈரக்கை பட்டு முன்பக்கச் சுருள்கள் தளர்ந்தன. கை எட்டாத பின்னந்தலையில் அங்கம்மா போட்டது அப்படியே இருந்தது. தொழுது முடித்துக் கையேந்தினாள். கேட்டதை அப்படியே கொடுத்துவிட்டவனிடம் மேற்கொண்டு எதைக் கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஏந்திய கையை முகத்தில் தடவிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் இரண்டு தட்டுகள்தான் இருந்தன. ஒன்றில் அவள் சாப்பிடுவாள். மற்றது சைமாவுடையது. மகள் வந்தால் என்று, துடைத்துத் துடைத்து எடுத்து வைத்திருந்தது. அதன் விளிம்பில் ஓட்டை போட்டு, கயிறு கோத்து, கதவோரம் ஆணியில் மாட்டினாள்.

கடல் காற்று உள்ளே வந்தது. தட்டு சுவரில் லேசாக இடித்து ஒலித்தது. அங்கம்மா ஓடி வந்துவிடப் போகிறாளே என்று, ரஹீமுன்னிசா அதைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.