கப்பலக்காவின் தச்சன்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, விரிப்பு மடிக்க எனக்கு ஜோடியாகக் கிடைத்தவர் கப்பலக்கா. இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யார் பேசினாலும் காதில் விழாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்கும்போதுதான் இருவர் முகமும் அருகில் வரும். அப்போது அக்கா ஒரு வரி சொல்வார்.

"கப்பல்ல தண்ணி ஏறிடுச்சு."

விலகிப் போய் அடுத்த விரிப்பை எடுப்போம். நான் அவசர அவசரமாக உதறுவேன். மறுபடி மூலைகள் சேரும்.

"தச்சன் உள்ள குதிச்சுட்டான்."

அன்றைக்குப் பார்த்து மேற்பார்வையாளர் வந்து நின்றார். "ரெண்டு பேருக்கும் என்ன குசுகுசுப்பு?"

"விரிப்புக்கு உடம்பு சரியில்லையாம் சார். விசாரிச்சுட்டிருக்கோம்" என்றார் அக்கா.

அவர் நகர்ந்து, மறுபடி மூலைகள் சேர்ந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. "மேல வந்துட்டான்டி. மூக்குல தண்ணி போயி தும்முறான்."

அக்கா சொல்வது வருடத்துக்கொரு புத்தகமாக வந்துகொண்டிருக்கும் கடற்கதைத் தொடர் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எனக்கு அது விரிப்பு விரிப்பாகத்தான் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி போடுகிறவள் என்னைப் பிடித்துக்கொள்வாள்: "தச்சன் இன்னிக்கு என்னடி பண்ணான்?" வாயே திறக்காத நான் அவளுக்குச் சொல்வேன். அவள் கூடம் முழுக்கச் சொல்லிவிடுவாள்.

அக்காவின் மகன் கப்பலில் தச்சு வேலைக்குப் போனவன். கப்பல் மூழ்கியது, அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் கட்டிலடியில் விட்டுப்போன புத்தகங்களைத்தான் அக்கா படித்தார். அவை தீர்ந்ததும் நூலகத்துக்குப் போனார். இதை இஸ்திரிக்காரி சொன்னாள். அக்கா ஒருபோதும் சொன்னதில்லை.

சில வருடங்களில் அக்காவுக்குக் கண் மங்கியது. வேலையை விட்டார்.

"புதுசு வந்தா படிச்சுட்டு வந்து சொல்லுடி."

"நானா? எழுத்துக்கூட்டித்தானேக்கா படிப்பேன்."

"கூட்டு. எனக்கென்ன ரயிலா போகுது?"

நூலகத்தில் புதிய புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து வைத்துப் படித்தேன். தச்சனைக் காணோம். அதற்கு முந்தையதை எடுத்தேன், அதற்கும் முந்தையதை. எதிலும் அவன் இல்லை. பின்னாலேயே போய், மூன்றாவது புத்தகத்தில் அவனைக் கண்டேன். தண்ணீர் ஏறிய கப்பலுக்குள் குதிக்கிறான். மேலே வரவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றுகிறார். அவ்வளவுதான்; கதை அடுத்த துறைமுகத்துக்குப் போய்விடுகிறது.

அதற்குப் பிறகு அவன் அடித்த கிண்டல், கட்டிய படகு, போட்ட சண்டை எல்லாம் அக்கா தந்தவை. நூலக மேசையில் முகத்தை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது கொடியிலிருந்து விரிப்பை எடுத்துக்கொண்டிருந்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரைச்சலே இல்லாத வீடு. இருந்தும் மூலைகள் சேரும்வரை இருவரும் பேசவில்லை.

"படிச்சியா?"

"ம்."

"தச்சன்?"

"பாய்மரத்து உச்சில ஏறி உக்காந்திருக்கான்க்கா. கரை தெரியுதான்னு பாக்குறான்."

அக்கா விரிப்பை விடவேயில்லை.

"இறங்கச் சொல்லுடி" என்றார். "காத்து பலமா அடிக்குது."