மாட்டுக்கென்று கொடுத்த அரிசி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பத்தில் சொதியை ஊற்றிக்கொண்டே என் கணவர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இந்த மலையகத்து ஹல்துமுல்லையில் முப்பது வருஷம் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"அரிசிச் சாக்குக்குள்ள வச்ச மருந்து முடிச்சை வெளியில எடுத்துப்போட்டுத்தானே குடுத்தனீர்?"

எடுக்கவில்லை!

அரிசிக்குத் தட்டுப்பாடு வரும் என்று யாரோ சொல்ல, பயந்துபோய் ஒரு சாக்கு வாங்கிப் போட்டிருந்தேன். தட்டுப்பாடு வரவில்லை; வண்டுதான் வந்தது. கடைக்காரர் இரண்டு மாத்திரை கொடுத்தார். துணியில் முடிந்து சாக்குக்குள் வைக்க வேண்டுமாம். அதன் புகை மூச்சில் பட்டாலே ஆபத்து என்று எச்சரித்தும் அனுப்பினார். வைத்தேன். வண்டு அசைந்தால்தானே! ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை சாக்கோடு தூக்கி அந்தோனியம்மாவிடம் கொடுத்தேன்.

"மாட்டுக்குப் போடுங்க."

வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்தோம் என்று அன்றைக்கு முழுவதும் பெருமை வேறு...

அந்தோனியம்மா மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கணவர் இல்லை. இரண்டு சின்னப் பெண்கள், ஒரே ஒரு பசு. எங்கள் வீட்டுக்குப் பால் அங்கிருந்துதான். ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடும்.

அன்றைக்கு மணி எட்டரை. பால் வரவில்லை.

போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினேன். பனிமூட்டத்தில் தோட்டத்து வரிசைவீடுகளான லயம் கண்ணுக்குத் தெரியவில்லை. செத்துக்கிடக்கும் மாடு மட்டும் ஒவ்வொரு வளைவிலும் தெரிந்தது. அந்தப் பெண்களின் பள்ளிக்கூடச் செலவே அந்தப் பாலில்தானே ஓடுகிறது?

லயத்துக்குப் பின்னால் பசு நின்றுகொண்டிருந்தது. புல்லை மென்றுகொண்டிருந்தது! கட்டிப்பிடித்து அழாத குறை.

"என்னா டீச்சர், இப்புடி மூச்சு வாங்குது? பெரியவளும் நானும் பூசைக்குப் போயிட்டு இப்பதான் வந்தோம். அதான் பால் லேட்டு."

"அரிசி... மாட்டுக்குப் போட்டீங்களா?"

"ஐயோ, இல்லைங்க. அள்ளிப் போட்டா வயிறு ஊதிரும். மொறத்துல பொடச்சு, வெயில்ல காயவச்சு, நாங்கதான் மூணு நாளா ஆக்கிச் சாப்பிடுறோம். நல்ல அரிசி டீச்சர்!"

மாட்டுக்காக அவ்வளவு பயந்த நான் இவர்களை நினைத்துக்கூடப் பார்க்கவில்லையே! கெட்டுப்போனதைக் கொட்ட நமக்கு மனசு வராது. கொடுக்க மட்டும் எப்படி உடனே வந்துவிடுகிறது?

"உள்ளே... ஒரு துணி முடிச்சு..."

"அதுவா? பத்திரமா இருக்கு. வேண்டுதல் முடிச்சை மறந்து வச்சிட்டீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குப் பாலோட கொண்டாந்து தரணும்னு இருந்தேன்."

அந்த ஒற்றை அறைக்குள் எட்டிப் பார்த்தேன். மாதா படத்துக்கு அடியில், பலகை மேல், மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்தது நான் கட்டிய முடிச்சு. அதற்கு நேர் கீழே பாய். பாயில் சின்னவள் சுருண்டு கிடந்தாள்.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு, "என்னா டீச்சர்?" என்றாள்.

எல்லோரையும் வெளியே இழுத்துவந்து உண்மையைச் சொன்னேன். ஓர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மூவரையும் பரிசோதித்தார். மாத்திரை ஏற்கெனவே வீரியம் போயிருக்கும், அரிசியையும் காயவைத்துக் கழுவித்தானே சமைத்திருக்கிறார்கள், பயமில்லை என்றார். பிறகு எனக்கு நன்றாக விழுந்தது திட்டு, அத்தனை பேர் முன்னாலும். எனக்கு அது போதவில்லை.

திரும்பி வரும்போது அந்தோனியம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. லயத்து வளைவு வந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"உங்க வேண்டுதல் என்னான்னு எனக்குத் தெரியாதுல்ல டீச்சர்... அது பலிக்கணும்னு, மூணு நாளா அந்த முடிச்சுக்கு முன்னால மெழுகுதிரி கொளுத்தி, பிள்ளைங்களோட செபம் பண்ணினேன்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு வழக்கம்போல் பால் வந்தது.