மடியில் வைத்த குழந்தை

நாங்கள் காங்கேயம் போன அம்பாசிடர் டாக்சியின் பின்சீட்டில் ஓட்டுநர் தாமே பெல்ட் பொருத்தியிருந்தார். நரைத்த மீசை, ஒடிசலான உடம்பு. துபாயிலிருந்து அண்ணன் அனுப்பிய குழந்தை இருக்கையை முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இறுக்கி, அசைகிறதா என்று உலுக்கிப் பார்த்தார்.

பல்லடம் தாண்டியதும் மகள் வீறிட்டு அழுதாள். மனம் பொறுக்காமல் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன். அவர் காரை ஓரங்கட்டினார்.

"நான் கெட்டியாப் புடிச்சுக்கறனுங்க அண்ணா."

"எம்பட ஊட்டுக்காரியும் கெட்டியாத்தானுங்க அம்மணி புடிச்சிருந்தா. லாரில மோதுனப்ப புள்ள கையில நிக்கலீங்க."

மறுபடி அவளை இருக்கையில் கட்டினேன். அவர் இறங்கி வந்து உலுக்கிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார். காங்கேயம் வரை அவள் அழுதாள்.

"அழுவட்டுங்க அம்மணி," என்றார் ஒருமுறை. அதை அவர் ஆசையாகச் சொன்னதுபோல் இருந்தது எனக்கு.