நான் பாஸ் போட்ட என் கண்

முப்பது வருஷம் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. கியர் பற்களை அளந்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயிண்ட் அடித்து ஒதுக்கிவிடுவேன். அளவை மாற்றி எழுதிய ஓர் ஆளை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து நான் கிழித்த கிழியில், அவர் ஒரு வாரம் கேண்டீன் பக்கமே தலைகாட்டவில்லை. அப்பேர்ப்பட்ட நான்தான் பித்தலாட்டம் பண்ணினேன். அதுவும் என் கண் விஷயத்தில்.

ரிட்டயர் ஆன மறுவருஷம் கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழியில்லாமல் அழுத்தம் ஏறி, பின்னால் இருக்கும் நரம்பை அரித்துவிடுமாம். வலி கிடையாது, ஒன்றும் கிடையாது, சண்டாளி! கண்டுபிடித்தபோதே இடது கண் முக்கால்வாசி போயிருந்தது. மிச்சம் வலது ஒன்றுதான். சொட்டு மருந்துக்கும் அதன் அழுத்தம் மசியவில்லை.

ஆபரேஷனில் இரண்டு வகை என்றாள் டாக்டரம்மா. சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மேல் இமைக்கு அடியில், கண்ணின் வெள்ளையில் குட்டிக் கதவு மாதிரி வெட்டி நீர் வடிய வழி பண்ணுவது ஒன்று. மெல்லிய குழாயைச் செருகி, அதன் வழியாக நீரை வெளியே கொண்டுவருவது இன்னொன்று.

என் வீட்டுக்காரருக்கு ஒரே குஷி. பட்டாபிராமில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர். வீட்டுக்கு வந்ததும் மோட்டார் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து என் கண்ணைப் படம் போட்டார்.

“இன்னாம்மா இது, நம்ம ஊட்டு சிங்க் மேட்டர்தான்! ஓட்ட போட்டா திரும்ப அடச்சிக்கும். குழாய்னா கவலையே இல்ல. வால்வு கீதான்னு மட்டும் கேட்டுக்க.”

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் விடுவாரா? “இன்னா நைனா பேசற? குழாய் உட்டா மழைக்குத் தண்ணி உள்ள ஏறிக்கும். யக்கா, நீ ஓட்டையே போட்டுக்க.”

என் கண்ணை வைத்துக்கொண்டு வாசலில் அரைமணி நேரம் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். “கண்ணு என்னோடதுய்யா!” என்று கத்தினேன். ஒருத்தர் காதிலும் விழவில்லை.

வீட்டுக்காரர் தான் போட்ட படத்தை டாக்டரம்மாவிடமே கொண்டுபோய் நீட்டினார். அவள் சிரிக்காமல் பார்த்தாள், பாவம். “கதவு வெட்டினா அழுத்தம் நல்லா இறங்கும் சார். ஆனா அடிக்கடி வந்து காட்டணும், தழும்பு ஏறி மூடிக்கலாம், கிருமி படாம காலம் பூரா பாத்துக்கணும். குழாயிலயும் சிக்கல் வரலாம். அவ்வளவா இறங்காமயும் போகலாம், சொட்டு மருந்தும் தொடரலாம். நரம்பு எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சாதான் அம்மாவுக்கு எதுன்னு சொல்ல முடியும்.”

அதற்கு ஒரு பரீட்சை. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவே பார்த்தபடி இருக்க வேண்டும். அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. மெஷின் லேசாகச் சத்தம் போடும், புள்ளி வரும். புள்ளி தெரிகிறதோ இல்லையோ, சத்தத்துக்கு ஒரு அழுத்து அழுத்தினேன். பயம்தான், வேறென்ன? அடுத்தவர் செய்த சாமானை ஆயிரம் தடவை தள்ளியவளுக்கு, தன் சாமானைத் தள்ளத் திராணி இல்லை.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்து முகம் சுளித்தாள். “இது சரியா வரலைம்மா. அடுத்த வாரம் திரும்ப எடுக்கணும்.” வெளியே நின்ற வீட்டுக்காரரிடம், “பாஸ்” என்றேன். மனுஷன் தெருவுக்கே மைசூர்பா கொடுத்தார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது மூட்டுவலி என்றேன், அதற்கடுத்து கல்யாணம் என்றேன். மூன்று மாதம் ஓட்டினேன்.

ஒருநாள் அவருக்கு ரசம் ஊற்றினேன். தட்டில் விழவில்லை, மடியில் விழுந்தது. “ஐயோ, சுடுதே!” என்று அவர் துள்ளியபோதும் எனக்குத் தட்டு இருந்த இடம் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஈர வேட்டியோடு போய் ஆட்டோவைக் கூப்பிட்டார்.

டாக்டரம்மாவிடமும் ஒப்புக்கொண்டேன். “தெரியும்மா. அந்த மெஷின் நடுநடுவுல புள்ளி போடாம சத்தம் மட்டும் குடுக்கும். நீங்க அதுக்கும் அழுத்தியிருந்தீங்க.” எனக்கே ஒரு இன்ஸ்பெக்டர்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுபடி கிண்ணத்துக்குள் முகம் வைத்தேன். சத்தம் வந்தது, வெளிச்சம் வரவில்லை. கட்டைவிரல் துடித்தது. அழுத்தவில்லை. இன்னொரு சத்தம். அழுத்தவில்லை. அவ்வளவு நேரம் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காகிதத்தில் கீழ்ப்பாதி பெரும்பாலும் கறுப்பாக வந்தது; அங்கெல்லாம் பார்வை போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தத்தை நன்றாக இறக்கியே ஆக வேண்டும், கதவு வெட்டுவதுதான் சரி என்றாள். இவர், “அப்ப குழாய் இல்லியா?” என்று கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிறது. மிச்சம் இருந்த பார்வை அப்படியே நிற்கிறது. போன தடவை மனசு கேட்காமல், “அந்த மூணு மாசத்துல எவ்வளவு போச்சும்மா?” என்றேன்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். “சொல்ல முடியலைம்மா. ஒப்பிட்டுப் பாக்கணும்னா முதல் ரிப்போர்ட் உண்மையா இருந்திருக்கணும்.”